கோரை பிடித்த மண்ணில் தோட்டம்: எல்லைப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டிக் குடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருகிறார்கள், பாலக்காட்டு டவுனிலிருந்தும் வருகிறார்கள். வீட்டு வேலை முடிந்ததும் நாலு கத்தரி, நாலு தக்காளி, கொஞ்சம் கொத்தமல்லி என்று ஆசையாகப் பாத்தி கட்டுவார்கள். மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் பாத்தி முழுக்கக் கோரை முளைத்து நிற்கும். பிடுங்கிப் போட்டால் அடுத்த முறை இன்னும் அடர்த்தியாக வரும். கொஞ்ச நாள் மல்லுக்கட்டிவிட்டுச் சிலர் தோட்டத்தையே கைவிடுகிறார்கள். சிலர் இதற்கு மருந்து கேட்டுக் கடை கடையாக அலைகிறார்கள்.

இரண்டுக்கும் அவசியமில்லை. கோரை இருக்கிற நிலத்திலேயே வீட்டுக்கு வேண்டிய காய்கறியை நன்றாக விளைவிக்கலாம். அதற்கு முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கோரையை அடியோடு ஒழிப்பது நம் வேலையல்ல. நாம் பயிர் வைக்கும் பாத்திகளில் அதைப் பட்டினி போட்டு அடக்கி வைப்பதுதான் வேலை. மற்ற இடத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். இதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இரண்டாம் வருஷமே தோட்டம் கைக்குள் வந்துவிடுகிறது. ஏற்காதவர்கள் வருஷா வருஷம் கூலியும் உடம்பு வலியுமாக நிற்பதைப் பார்க்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அது கோரைதானா என்று பாருங்கள்

புல் எல்லாம் கோரை அல்ல. அறுகும் இங்கே ஏராளமாகப் படரும், அதைக் கையாளும் முறை வேறு. பூத்தண்டு ஒன்றைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருளும், நடுநடுவே கணு இருக்கும். கோரைத் தண்டு முக்கோணமாக இருக்கும், விரலில் மூன்று விளிம்பும் தட்டும், கணு இருக்காது. இலைகள் அடியிலிருந்து மூன்று வரிசையாகக் கிளம்பும், மேல்பக்கம் கரும்பச்சையாக மினுமினுக்கும். பூ வந்தால் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும்.

அப்புறம் தோண்டிக் கிழங்கைப் பாருங்கள். வெளியே கறுப்பும் பழுப்பும் கலந்த தோல், மேலெல்லாம் சன்னமான வேர், உள்ளே வெள்ளைச் சதை. நகத்தால் கீறினால் நாட்டு மருந்துக் கடையில் அடிக்கும் அதே வாசனை. இந்த வாசனை வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். தமிழில் கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்று சொல்வதும், பக்கத்து வீட்டு மலையாளத்தார் முத்தங்ஙா என்று சொல்வதும் இதைத்தான். பாய் நெய்யும் கோரை வேறு செடி. ஆற்றோரத்தில் ஆள் உயரத்துக்கு வளரும் அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் அதற்கு இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது.

மண்ணுக்குள் நடப்பது

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

கோரைக்கு விதை முக்கியமே இல்லை. பூக்கும், ஆனால் அந்த விதையில் முளைப்பது மிகச் சொற்பம். பரவுவது முழுக்கக் கிழங்கால்தான். ஒரு கிழங்கிலிருந்து குருத்து மேலே வருகிறது. மண்ணுக்குச் சற்றுக் கீழே அந்தக் குருத்தின் அடி ஒரு சின்னக் குமிழாகப் பருக்கிறது. குமிழிலிருந்து பக்கவாட்டில் கம்பி போல வேர்த்தண்டு ஓடுகிறது. அது ஓரிடத்தில் பருத்துப் புதுக் கிழங்காகிறது, அல்லது மேலே திரும்பிப் புதுச் செடியாகிறது. கிழங்கிலிருந்து மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு. நூலில் கோத்த மணிபோல ஒரே சரத்தில் கிழங்குகள் தொடர்ந்துகொண்டே போகும். நல்ல வெயிலும் ஈரமும் கிடைத்தால் ஒரே பருவத்தில் ஒரு கிழங்கு நூறாகிவிடும்.

கிழங்குகளில் பெரும்பாலானவை மேல்மண்ணில் அரை அடிக்குள்தான் கிடக்கும். சில ஒரு அடி ஆழத்துக்கும் போகும். நம் பக்கத்துக் கரிசலில் கோடை வெடிப்பு விழும்போது எட்டிப் பார்த்தால் வெடிப்பின் சுவரில் கம்பி தொங்குவது தெரியும்.

இன்னும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு சரத்தில் இருக்கிற எல்லாக் கிழங்கும் ஒரே நேரத்தில் முளைக்காது. ஒன்று முளைத்து மேலே நின்றால் அதோடு ஒட்டிய மற்றவை தூங்கும். சரத்தை அறுத்தால் அத்தனையும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். களைக்கொத்தால் ஒரு தடவை கொத்திவிட்டு விட்டால் கோரை முன்னைவிட அடர்த்தியாக வருவது இதனால்தான். ரோட்டவேட்டர் ஓட்டினால் அதையே பெரிய அளவில் செய்கிறோம். ஓட்டிய அன்று நிலம் மாவு மாதிரி அழகாக இருக்கும். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் தெரியும்.

கையால் பிடுங்குவதிலும் இதே சங்கதிதான். கரிசல் ஈரமாக இருந்தால் மண் கிழங்கைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நாம் இழுக்க இழுக்க இலையும் வெள்ளைத் தண்டும் மட்டும் சுகமாகக் கையோடு வரும். எங்கள் பக்கம் களை வெட்ட வருகிற பாட்டி ஒருவர் புதிதாக வந்த பெண்ணிடம் சொன்னதைக் கேட்டேன்: “புல்லுத்தான் வந்துது கண்ணு, கெழங்கு உள்ளாறயே கெடக்குது. அதுக்கு ஒண்ணுமே ஆகல.”

ஒவ்வொரு கிழங்கிலும் பல மொட்டுகள் உண்டு. ஒரு குருத்தை வெட்டினால் அடுத்த மொட்டு கிளம்பும். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே சேர்த்து வைத்த மாவுச்சத்தில் கொஞ்சம் செலவாகும். புது இலை விரிந்து வெயிலைப் பிடித்துச் சமைத்து அனுப்பினால்தான் அந்தச் செலவு ஈடாகும். முளைத்து மூன்று, நாலு வாரம் நிம்மதியாக விட்டுவிட்டால் ஈடாவது மட்டுமல்ல, புதுக் கிழங்கே கட்டத் தொடங்கிவிடும். ஆகவே நமக்குக் கிடைக்கிற அவகாசம் அந்த மூன்று வாரம்தான்.

நிலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பத்து சென்ட் இடம் இருக்கிறது என்றால் பத்து சென்ட்டிலும் கோரையோடு சண்டை போடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாய் எட்டுகிற இடத்தில், நாலடி அகலத்தில் மூன்று நான்கு பாத்திகள் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அகலம் நாலடிக்கு மேல் போக வேண்டாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் கை நடுவரை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கோரை தப்பித்துவிடும்.

பாத்தியைச் சுற்றி ஒன்றரை அடி நடைபாதை. அதில் ஒரு செடியும் இருக்கக்கூடாது. வெளியே இருக்கும் கோரை பாத்திக்குள் நுழைவது இந்த ஓரத்து வழியாகத்தான். வீடு கட்டி மிஞ்சிய உடைந்த ஓடு, டைல்ஸ் துண்டு, கல் ஏதாவது இருந்தால் பாத்தி ஓரமாக ஓர் அடி ஆழம் பள்ளம் எடுத்துச் செங்குத்தாகப் புதைத்து விடுங்கள். முழுக்கத் தடுக்காது. ஆனால் நுழைவது பெருமளவு குறையும், நுழைந்ததும் கண்ணில் படும்.

மீதி நிலம்? தென்னை வைத்திருந்தால் தென்னைக்குக் கீழே கோரை இருக்கட்டும். மழைக்கு மண் அரிக்காமல் பிடித்துக்கொள்ளும். இளசாக இருக்கும்போது மாடும் ஆடும் மேயும். மாதம் ஒரு தடவை அரிவாளால் அறுத்துத் தள்ளினால் போதும். தென்னையின் அடியைச் சுற்றிய வட்டப்பாத்திக்குள் மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் கிளறிக் காயப்போடுங்கள்

கோரைக்கிழங்கின் பெரிய பலவீனம் காய்ச்சல், அதாவது வெயிலில் காய்வது. உள்ளே ஈரம் இருக்கும்வரை பல வருஷம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெளியே எடுத்து மேலாகப் போட்டால் மார்ச், ஏப்ரல் வெயிலில் ஒன்றிரண்டு வாரத்தில் செத்துச் சுருங்கிவிடும். நம் பகுதிக்கு இது பெரிய வாய்ப்பு. மாவட்டத்தின் மேற்குப் பக்கம் கோடை மழை அடிக்கடி விழும். இங்கே கிழக்கே நாள்கணக்காக நாற்பது டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மாசியில் பாத்தி இடத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுங்கள். கரிசல் இறுகிக் கல்லாவதற்கு முன்னால், கையில் எடுத்துப் பிசைந்தால் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்கிற பதம் ஒன்று வரும். அந்தப் பதம் ஒரு சில நாள்தான் நிற்கும். அப்போது பல் வைத்த கொத்தால் அரை அடி, முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணைப் புரட்டுங்கள். மண்வெட்டி வேண்டாம். மண்வெட்டியின் தகடு சரத்தை நறுக்கும், பல் வைத்த கொத்து சரத்தை அப்படியே கிளப்பிக் கொடுக்கும். கட்டியை உடைத்து உதறினால் கிழங்கும் கம்பியுமாக வரும். எல்லாவற்றையும் பொறுக்கிச் சிமெண்டுத் தளத்திலோ தகரத்திலோ பரப்புங்கள். மண்மேல் பரப்பினால் இரவு ஈரம் கண்டு அடியில் வேர் பிடிக்கும்.

வீட்டு வேலைக்கு மணல் சலித்த சாய்வுச் சல்லடை மூலையில் கிடந்தால் எடுத்து வையுங்கள். காய்ந்த மண்ணை அதன் மேல் வீசினால் மண் கீழே போகும், கிழங்கு இந்தப் பக்கம் உருண்டு வரும். ஒரு பாத்திக்கு ஒரு காலை முழுக்க ஆகும், இடுப்பு கழன்றுவிடும். ஆனாலும் விதைக்கிற மல்லி, வெங்காயப் பாத்தி ஒன்றுக்காவது இதைச் செய்யுங்கள். மற்ற பாத்திகளைப் புரட்டிப் போட்டு, வாரம் ஒருமுறை மேல் கீழாகக் கிளறிவிட்டாலே மேல்மண்ணில் இருக்கும் கிழங்குகளில் நல்ல பங்கு காய்ந்துவிடும்.

பொறுக்கிய கிழங்கை என்ன செய்வது? எருக்குழியில் போடாதீர்கள். வீட்டு எருக்குழியின் சூடு அதைக் கொல்லாது, அடுத்த வருஷம் எருவோடு தோட்டம் முழுக்கப் பரவும். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தால் அழுகிவிடும் என்றும் நம்பாதீர்கள், நீருக்கடியில் மாதக்கணக்கில் தாங்கும் கிழங்கு அது. நன்றாகக் காய்ந்தபின் அடுப்பில் போடுங்கள், அல்லது மருந்துக்கு எடுத்து வையுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் விரிப்பு பற்றி

கறுப்புப் பிளாஸ்டிக்கை விரித்தால் புல் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். மற்ற களைக்குச் சரி. கோரை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். இருட்டில் இருக்கும்வரை அதன் குருத்து இறுகச் சுருண்டு கூர்முனையாகவே நீளும். மண்ணைத் துளைப்பது போலத் தாளையும் துளைத்துவிடும். கிழங்குப் பயிர்களைக்கூட அது துளைத்து நிற்பதைப் பார்க்கலாம். வெளிச்சம் பட்டதும்தான் அந்தக் குருத்து இலையாக விரியும். விரிந்த இலைக்குத் தாளைக் குத்தும் பலம் இல்லை.

இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதத்தில் பாத்தியைச் சமப்படுத்தி, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளை விரித்து ஓரமெல்லாம் மண்ணில் புதைத்து மூடுங்கள். ஓட்டை விழுந்தால் உடனே டேப் ஒட்டுங்கள். உள்ளே முளைக்கும் குருத்து வெளிச்சம் கண்டு விரிந்து, அங்கேயே சூட்டில் வெந்துவிடும். மேல்மண்ணின் சூட்டில் மேலாகக் கிடக்கும் கிழங்குகளும் சாகும். ஆறு வாரமாவது மூடியிருக்க வேண்டும். ஆழத்தில் இருப்பவை தப்பிக்கும், ஆகவே இதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கிளறிக் காயப்போடுவது, தாள் மூடுவது இரண்டில் ஒன்றை ஒரு பாத்திக்குத் தேர்ந்துகொண்டால் போதும். குனிந்து நிமிர முடிந்தவர்களுக்கு முதல் வழிதான் நல்லது என்பேன்.

மழைக்குப் பின் மூன்று மாதம்

எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம் இது. இதைச் சரியாகச் செய்தால் மேலே சொன்னதில் பாதியை விட்டாலும் பரவாயில்லை. இதை விட்டால் மேலே செய்த அத்தனையும் வீண்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் பாத்தியில் எதையும் விதைக்காதீர்கள். ஆசையை அடக்கிக்கொண்டு காத்திருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மிச்சமிருக்கும் கிழங்குகள் முளைக்கும். இரண்டு மூன்று இலை வந்ததும் வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம். களைக்கொத்தின் நுனியை மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே செலுத்தி, அந்த வெள்ளைத் தண்டை அடியோடு அறுங்கள். வெட்டியது காற்றில் அப்படியே வாடட்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்கு அது ஒரே நாளில் காய்ந்துவிடும்.

மறுபடி முளைக்கும். பத்து நாள் கழித்து மறுபடி வெட்டுங்கள். பதினான்கு நாளைத் தாண்ட விடாதீர்கள். நாலு இலைக்கு மேல் விரியக்கூடாது, பூத்தண்டு எழும்பவே கூடாது. பூ தெரிந்தால் உள்ளே கிழங்கு கட்டியாயிற்று என்று அர்த்தம். காலண்டரில் தேதியைக் குறித்து வைப்பது நல்ல வழக்கம். மழை, விருந்தாளி, கல்யாணம் என்று ஒரு தவணை தவறினால் அடுத்த நாளே போய் வெட்டுங்கள்.

முதல் இரண்டு வெட்டுக்கு அப்புறம் கோரை கூடியது போலத் தெரியும். பயப்படாதீர்கள். தூங்கிக் கிடந்தவை விழித்துக்கொள்கின்றன. விழித்தால்தான் பட்டினி போட முடியும். மூன்றாம், நாலாம் வெட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பென்சில் பருமனில் வந்த தண்டு இப்போது ஈர்க்குச்சி பருமனில் வரும், இலை வெளிறும், இடைவெளி விட்டு முளைக்கும். அந்த நிலையில் ஒரு கிழங்கைத் தோண்டி நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக மாவாக இருந்த சதை தளர்ந்து பழுப்பேறிச் சுருங்கியிருக்கும்.

இரண்டு வெட்டு முடிந்ததும் நாற்று நடலாம். நேரடியாக விதைக்கிற பயிர் வேண்டாம். குழித்தட்டில் வளர்ந்த கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை நாற்றை இடைவெளி விட்டு நட்டால் நடுவில் களைக்கொத்து போக இடம் இருக்கும். முதல் வருஷம் சின்ன வெங்காயத்தையும் மல்லியையும் தொடாதீர்கள், சலித்த பாத்தி ஒன்றில் தவிர. மெதுவாக வளரும், இலை நிழல் கொடுக்காது. கோரையிடம் அவை தோற்றுவிடும். வெட்டிய கோரையைப் பச்சையாக விதைப்பாத்தியில் மடக்கிப் புதைக்கவும் வேண்டாம். அது அழுகும்போது சின்ன விதைகளின் முளைப்பைக் கெடுக்கும்.

நிழலால் அடக்குங்கள்

நல்ல வெயிலில் கோரையை முந்துகிற செடி அதிகமில்லை. நிழலில் அது சோர்ந்துவிடும், கிழங்கு கட்டுவதும் வெகுவாகக் குறையும். ஆகவே வெட்டுகிற வேலையை நமக்காக நிழல் செய்யட்டும்.

இதற்கு முதல் இடம் சர்க்கரைவள்ளிக்குத்தான். கொடியை நெருக்கமாக நட்டு முதல் மாதம் மட்டும் களை வெட்டிக் கொடுத்தால் அப்புறம் தரையை முழுக்க மூடிவிடும். அதன் வேரிலிருந்தும் கோரை வளர்ச்சியைத் தடுக்கிற பொருள்கள் கசிகின்றன. பக்கத்தில் யார் தோட்டத்திலாவது கொடி கேட்டால் சந்தோஷமாக அறுத்துத் தருவார்கள். கிழங்கு தோண்டும்போது மண் மறுபடி புரள்கிறது, அப்போது கண்ணில் படும் கோரைக்கிழங்கையும் சேர்த்துப் பொறுக்கலாம். ஒரே வேலையில் இரண்டு பலன்.

அடுத்தது தட்டைப்பயறு. ஆடியில் நெருக்கி விதைத்தால் மண் தெரியாமல் மூடும். அரசாணிக்காய் (பரங்கிக்காய்) கொடியும் நன்றாக மூடும், ஆனால் அதற்கு இடம் நிறைய வேண்டும். சும்மா கிடக்கும் பாத்தியில் சணப்பை அடர்த்தியாக விதைத்துப் பூ எடுக்கும் நேரத்தில் அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள். மண்ணுக்கும் நல்லது. தண்ணீர் பாய்ந்து கிடக்கும் பாத்தியை மட்டும் ஒருநாளும் வெறுமையாக விடாதீர்கள். நாம் எதையாவது விதைக்காவிட்டால் அங்கே கோரைதான் விளையும்.

மூடாக்கு போடுவதானால் தடிமனாகப் போடுங்கள். மெல்லிய வைக்கோலையும் தென்னை நார்த்தூளையும் கோரை சட்டை செய்யாது. பழைய அட்டைப்பெட்டிகளை டேப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி இரண்டு மூன்று அடுக்கு விரித்து நனைத்து, அதன் மேல் தென்னை மட்டை, ஓலை, சருகு என்று அரை அடி உயரத்துக்குக் குவித்தால் சில மாதம் அடங்கியிருக்கும். அட்டை மக்கியதும் குருத்து எட்டிப் பார்க்கும். ஈர மூடாக்குக்கு அடியில் மண் இளகியிருப்பதால் அப்போது இழுத்தால் கிழங்கோடு வரும். அந்த ஒரு இடத்தில் மட்டும் பிடுங்குவது லாபம்.

மருந்து

கேட்காதவர்கள் கிடையாது, அதனால் சொல்லிவிடுகிறேன். கேரள அரசு 2019 பிப்ரவரியில் கிளைபோசேட் களைக்கொல்லியின் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் தடை போட்டது. 2022 அக்டோபரில் மத்திய அரசும் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்தது. எல்லையைத் தாண்டினால் எங்காவது கிடைக்குமா என்று தேடாதீர்கள். வீட்டுக் கிணறும் பிள்ளைகள் விளையாடும் இடமும் இருபது அடிக்குள் இருக்கிற தோட்டம் இது. கோரைக்கென்றே வரும் ஹாலோசல்ஃபியூரான் மருந்து முக்கியமாகக் கரும்புக் காட்டுக்கானது, பல காய்கறிகள் பக்கத்தில் வைக்கிற பாத்திக்கு அது ஆகாது. பெரிய தோப்பில் பிரச்சனை என்றால் உங்கள் பஞ்சாயத்துக் கிருஷிபவனில் (அரசு வேளாண் அலுவலகம்) போய் விவசாய அதிகாரியிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுத்தபடி செய்யுங்கள்.

கல் உப்பும் வினிகரும் சோப்புத் தண்ணீரும் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பவே வேண்டாம். இலை கருகும், கிழங்கு அசையாது. உப்பு மட்டும் கரிசலில் தங்கிவிடும். வடிகால் குறைந்த மண்ணில் உப்பு ஏறினால் கோரைக்கு முன்னால் உங்கள் கத்தரிதான் சாகும்.

புதுக் கிழங்கை உள்ளே விடாதீர்கள்

பல புதுவீட்டுத் தோட்டங்களில் கோரை முதலில் இருந்ததே இல்லை. லாரியில் கொட்டிய மேல்மண்ணோடும், நர்சரிப் பையோடும், புல்தரைக்கு வாங்கிய புல் பத்தையோடும் வந்து இறங்கியதுதான். மண் வாங்கும்போது எந்த இடத்து மண் என்று கேட்டு, முடிந்தால் போய்ப் பாருங்கள். பள்ளத்து வண்டலும் பழைய வயல் மண்ணும் பார்க்கக் கறுகறுவென்று செழிப்பாக இருக்கும், கோரைக்கிழங்கும் அதில்தான் அதிகம். கொட்டுவதற்கு முன் ஒரு வாளி மண்ணைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

நர்சரியில் செடி வாங்கினால் பையின் மேல்மண்ணைப் பாருங்கள். ஓரத்தில் ஒரே ஒரு கோரை இருந்தாலும் அந்தச் செடி வேண்டாம். மாவோ பலாவோ வேறெங்கும் கிடைக்காத ரகமாக இருந்து வாங்கியே ஆகவேண்டுமென்றால், நடும் முன் பையைக் கிழித்து ஓரத்து மண்ணை உதிர்த்துக் கிழங்கைத் தேடி எடுத்துவிட்டு நடுங்கள். உழவுக்கு வரும் டிராக்டரின் கொழுவில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே விடச் சொல்லுங்கள். ஓட்டுநர் அண்ணன் முகம் சுளித்தாலும் ஒரு வாளித் தண்ணீரை நீங்களே ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

எடுத்த கிழங்குக்கும் பயன் உண்டு

இவ்வளவு தொல்லை கொடுக்கிற செடிக்கு நம் மருத்துவத்தில் பெரிய மரியாதை. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் செரிமானத்துக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற பல மருந்துகளில் இது சேர்கிறது. பாலக்காட்டு ஆயுர்வேதக் கடைகளில் கிடைக்கும் முஸ்தாரிஷ்டத்தின் மூலப்பொருளே இந்தக் கிழங்குதான். இங்கே வயதானவர்கள் வயிற்றுப்போக்குக்கு இதை அரைத்து மோரில் காய்ச்சிக் கொடுப்பார்கள். பெண்கள் குளியல்பொடியில் சேர்ப்பார்கள். பூச்சு அரைக்க விரும்பினால் கிழங்கை நன்றாகக் கழுவி, மேல்வேரைத் தணலில் வாட்டிப் பொசுக்கி, தேய்த்துத் துடைத்து, நறுக்கிக் காயவைத்து இடிக்க வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடுவதாக இருந்தால் வைத்தியரைக் கேட்டபின்தான், அதிலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைவைத்தியம் வேண்டாம். களைக்கொல்லி தெளித்த நிலத்துக் கிழங்கையும், சாக்கடை ஓரத்துக் கிழங்கையும் எதற்கும் எடுக்காதீர்கள்.

பணத்துக்கு விற்கலாமே என்று கோரையை வளர்க்க மட்டும் நினைக்க வேண்டாம். வீட்டுத் தோட்டத்து அளவில் அது கூலிக்குக்கூடக் கட்டாது.

இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம்

முதல் வருஷம் முழுக்க ஒழுங்காக வெட்டியிருந்தால், இரண்டாம் வருஷ மழைக்குப் பாத்தியில் ஆங்காங்கே தனித்தனியாகத்தான் முளைக்கும். இப்போது முறையை மாற்றுங்கள். மொத்தமாகக் கொத்துவதை நிறுத்திவிட்டு, முளைத்த ஒவ்வொன்றையும் பக்கத்தில் கடப்பாரை நுனியை இறக்கி மண்ணை நெம்பித் தளர்த்தி, கிழங்கோடு எடுங்கள். எண்ணிக்கை குறைந்தபின் தோண்டுவது மலைப்பாக இருக்காது. தோண்டாமல் விட்ட இரண்டு மூன்று செடிதான் துலாமழை (ஐப்பசி மழை) முடிவதற்குள் பாத்தியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மார்கழியில் காற்று காய்ந்து கோரை மேலே வாடிப்போவதைப் பார்த்து ஒழிந்தது என்று நீர் பாய்ச்சும் பாத்தியில் கண்காணிப்பை விடாதீர்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு அடியில் வருஷம் முழுக்க ஈரம் இருக்கும், அங்கே அதற்கு ஓய்வே கிடையாது. குழாயைத் தூக்கி மாதம் ஒருதரம் கீழே பார்த்துவிடுங்கள்.

சலித்த பாத்தியில் இப்போதும் வெங்காயம் போடலாம். மூன்றாம் வருஷம் மற்ற பாத்திகளிலும் கேரட், முள்ளங்கி, மல்லி எல்லாம் நேரடியாக விதைக்கலாம். ஓரத்து நடைபாதையை மட்டும் எத்தனை வருஷமானாலும் பத்து நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டியிருக்கும். கையில் களைக்கொத்தோடு போனால் கால்மணி நேர வேலை.

அந்தச் சமயத்தில் அக்கம்பக்கத்தில் வாழைக்கன்று, கறிவேப்பிலைக் கன்று, செவ்வந்தி நாற்று என்று கேட்டு வருவார்கள். தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் வேரில் ஒட்டிய மண்ணை முழுக்க உதறி, ஒரு வாளித் தண்ணீரில் அலசிக் கொடுங்கள். அலசிய தண்ணீரைப் பாத்தியில் ஊற்றாமல், அடியில் தங்கிய கசடைத் தகரத்தில் கொட்டிக் காயவையுங்கள்.